ஒரு வெள்ளி வைத்தியமும் நான்காவது ஆளும்



நம் நாட்டில் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க ஒரு வெள்ளி. மருந்தும் அதற்குள்ளேயே அடக்கம். கடையில் ஒரு தே தாரிக் குடிக்க அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். என்னோடு படிக்கும் வெளிநாட்டு மாணவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பினாங்குத் தீவில் ஜாலான் பேராக், ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ் என்று பல இடங்களில் இந்தக் கிளினிக்குகள் இருக்கின்றன. காட்டுக்குள்ளே இல்லை, நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற சாலைகளில்தான்.

அப்படியிருந்தும் நம்மவர்களில் பலர் கால் விரல் கறுத்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போகிறார்கள். கேட்டால் பெரியவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள்: "நம்மாளுங்களுக்கு அக்கறை இல்லப்பா."

இந்தப் பதில் சரிதானா என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரை. கதவு திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை என்றால் அது யாருடைய குறை? கதவைத் திறந்து வைத்ததோடு அரசாங்கத்தின் கடமை முடிந்துவிடுகிறதா? பக்கத்தில் நிற்கும் நமக்கு அதில் பங்கு உண்டா? கேள்வி மருத்துவத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது தர்மத்தைப் பற்றிய கேள்வி.

தேவை எங்கே இருக்கிறது?

முதலில் நிலவரம். சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். நாட்டு மொத்தக் கணக்கில், நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பந்தியில் முப்பது பெரியவர்கள் உட்கார்ந்தால், அந்தக் கணக்குப்படி ஒன்பது பத்து பேருக்கு இனிப்பு நீர் இருக்கலாம். அவர்களில் சிலர் அது தெரியாமலேயே பாயசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்ப சுகாதாரச் சேவை மிக அதிகமாகத் தேவைப்படும் கூட்டம் நாம். வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரில் வேலை செய்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். அவர் எழுதியது இலவச மருத்துவம் இருந்த பிரிட்டனைப் பற்றி. கட்டணத்தை எடுத்துவிட்டாலும் இந்தத் தலைகீழ் நிலை தானாக மாறிவிடாது என்பதை அவர் அன்றே கண்டார்.

ஏன் மாறுவதில்லை? இதைப் புரிந்துகொள்ள என் படிப்பு எனக்கு ஓர் உதாரணம் கொடுக்கிறது.

தொடர் இணைப்பு

மின்சுற்றில் மின்தடைகளை இரண்டு விதமாக இணைக்கலாம். பக்க இணைப்பில் ஒரு வழி அடைத்தால் மின்சாரம் இன்னொரு வழியில் போய்விடும். தொடர் இணைப்பில் அப்படி இல்லை. எல்லாத் தடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டித்தான் போகணும். ஒரு தடையை மட்டும் ஏறக்குறைய பூஜ்யமாக்கினாலும் மற்றவை அப்படியே நிற்கும். எங்காவது ஓர் இடத்தில் கம்பி அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது.

கிளினிக்குக்குப் போகும் பாதை தொடர் இணைப்பு. 1978-இல் தனஹாஷி என்பவர் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இதே போன்ற ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். சேவை இருக்க வேண்டும், அதை எட்ட முடிய வேண்டும், மக்களுக்கு அது ஏற்புடையதாக இருக்க வேண்டும், அவர்கள் உண்மையில் போய்ச் சேர வேண்டும், போனதால் பலன் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் உதிர்ந்துவிடுகிறார்கள். முதல் படியை மட்டும் எண்ணி "இத்தனை கிளினிக் கட்டியாச்சு" என்று சொல்வது கடைசிப் படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

ஒரு வெள்ளி என்பது இந்தச் சுற்றில் ஒரே ஒரு தடை. அதை நம் நாடு உண்மையிலேயே ஏறக்குறைய பூஜ்யமாக்கிவிட்டது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மற்றத் தடைகளைப் பார்ப்போம்.

முதலில் நேரம். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒப்பந்த முறையில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். இரத்த அழுத்தம், இனிப்பு நீர் இரண்டும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் தேதி கொடுக்கிறார்கள். காலையில் போய் நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து கவுண்டரில் காத்திருந்து வெளியே வர மதியம் ஆகிவிடும். வழக்கமான பரிசோதனை என்பதால் எம்சி கிடையாது, வந்துபோனதற்கு 'டைம் ஸ்லிப்' மட்டும்தான். அவருடைய மேற்பார்வையாளர் அந்த ஸ்லிப்பை ஏற்றுக்கொள்வதில்லை. அன்றைய சம்பளம் போச்சு.

இதைக் கணக்காகப் பார்த்தால், 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. 26 வேலை நாட்களுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட். ஆக அந்த அக்காவுக்கு ஒரு வெள்ளி வைத்தியத்தின் உண்மையான விலை 66 ரிங்கிட், பஸ் காசு தனி. ஆண்டுக்கு நான்கு முறை போனால் 260 ரிங்கிட்டுக்கு மேல். "ஒரு வெள்ளிதானே, ஏன் போகல?" என்று நாம் கேட்கும்போது, அவர் கையில் இருப்பது வேறு பில் என்பது நமக்குத் தெரிவதில்லை.

அடுத்தது தகவல். கிளினிக் தேதியை இப்போது மைசெஜாத்ரா செயலி வழியாகப் பதியலாம். நமக்கு அது வசதி. ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அது இன்னொரு பூட்டு. தொடர்ந்து சாப்பிட வேண்டிய மருந்தை ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று வாங்கத் தேவையில்லாதபடி, தபாலில் அனுப்பும் முறை உண்டு, வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. மருந்து கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கேட்கலாம் என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசப் பரிசோதனை தரும் பெக்கா பி40 திட்டம் 2019-இல் தொடங்கியது. உங்கள் மாமா, அத்தை எத்தனை பேர் அதில் பரிசோதனை செய்திருக்கிறார்கள் என்று இன்றிரவு வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

மேலே சொன்ன அதே 2019 ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. நாட்டில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சுகாதாரத் தகவலைத் தேடிப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறன் குறைவு. ஆகவே இது நம் இனத்துக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது மரியாதை. இதை எந்த ஆய்வும் எளிதாக அளந்துவிட முடியாது. மலாய் சரளமாக வராத ஒரு தாத்தா கவுண்டரில் தடுமாறுகிறார். பின்னால் நீண்ட வரிசை. கவுண்டரில் இருப்பவரும் காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்துக் களைத்தவர்தான். குரல் கொஞ்சம் உயர்கிறது. தாத்தா தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார். டாக்டர் சொன்னது பாதி புரியவில்லை, திரும்பக் கேட்க வெட்கம். வீட்டுக்கு வந்து இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிவிடுகிறார். அடுத்த தேதிக்குப் போவதில்லை. ஏட்டில் 'வரவில்லை' என்று மட்டும் பதிவாகும். ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது.

அறுந்த கம்பி

இதுவரை சொன்னவை தடைகள். கஷ்டப்பட்டால் தாண்டலாம். தாண்டவே முடியாத இடம் ஒன்று உண்டு: அடையாளப் பத்திரம்.

ஒரு வெள்ளிக் கட்டணம் குடிமக்களுக்கானது. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாதவர் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், கவுண்டரில் பொதுவாக வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார். கட்டணம் பல மடங்கு. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், "ஐசி இருக்கா?" என்ற கேள்வியே அவரை வாசலில் நிறுத்திவிடுகிறது. 2017 ஏப்ரலில் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம், பத்திரமில்லாத இந்தியர்கள் ஏறக்குறைய 25,000 பேர் என்று மதிப்பிட்டது. 2018-இல் அறுபது வயதைத் தாண்டிய, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. ஒரு வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

இங்கே நம் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த இதழைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஐயர் மந்திரம் சொல்லி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டாலும், பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் இல்லை. பிறக்கும் பிள்ளை தாயின் குடியுரிமை நிலையைத்தான் பின்பற்றும். தாய் மலேசியர் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. தாய் வெளிநாட்டவராகவோ, பத்திரமில்லாதவராகவோ இருந்தால், தகப்பனார் நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளைக்குப் பயனில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, அதன் பிள்ளைக்கும் இதே கதை தொடரலாம்.

ஆக, ஒரு பிள்ளை கிளினிக் கவுண்டரில் திருப்பி அனுப்பப்படும்போது, அந்தக் கம்பி சில வேளை இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் அறுந்திருக்கிறது. நாதஸ்வரக்காரரை ஏற்பாடு செய்தோம், பூ அலங்காரத்துக்கு ஆள் பிடித்தோம், பதிவு ஆனதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

யாருடைய கடமை?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இரண்டு மறுப்புகள் என் நண்பர்களிடமிருந்து வழக்கமாக வரும்.

முதலாவது: "அவனவன் உடம்பை அவனவன்தான் பார்த்துக்கணும்." இதில் உண்மை இருக்கிறது. மருந்தை விழுங்குவதும் சீனியைக் குறைப்பதும் வேறு யாரும் செய்துதர முடியாது. ஆனால் ஒருவரைப் பொறுப்பாளி ஆக்கணும் என்றால், அவருக்குச் செய்ய முடிகிற வாய்ப்பு முதலில் இருக்கணும். ஒரு நாள் சம்பளத்துக்கும் ஒரு டாக்டர் தேதிக்கும் நடுவில் அந்த அக்கா தேர்ந்தெடுக்கும்போது, அவர் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல நமக்கு அருகதை இல்லை. அவருடைய அக்கறை பிள்ளைகளின் சாப்பாட்டில் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது: "நாம் போய் உதவி செய்தால் அரசாங்கம் தன் கடமையிலிருந்து தப்பிச்சிடும். தொண்டு செய்வதைவிட உரிமையைக் கேட்பதே மேல்." நான் இதை நெடுநாள் யோசித்தேன். உரிமையாக வர வேண்டியதை தர்மமாகக் கொடுத்தால் வாங்குபவரின் தலை குனியும் என்பது உண்மை. ஆனால் கூடப் போவதும் தானம் கொடுப்பதும் ஒன்றல்ல. கிளினிக் வாசல் வரை ஒருவருடன் போகிறவர் அவருக்கு எதையும் தானமாகக் கொடுக்கவில்லை. அவருக்குச் சொந்தமானதை அவர் எடுத்துக்கொள்ளும் வரை பக்கத்தில் நிற்கிறார். அப்படி நின்றவருக்குத்தான் எந்த இடத்தில் வழி அடைகிறது என்று தெரியும். பத்து பேருடன் போனவர் "ஐந்து பேருக்கு டைம் ஸ்லிப்பால் சம்பளம் போனது" என்று சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கொடுக்க முடியும். வீட்டில் உட்கார்ந்து உரிமை பேசுபவரால் அது முடியாது.

1978 செப்டம்பரில் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரப் பிரகடனத்தை வெளியிட்டன. சுகாதாரச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, அது அவர்களின் கடமையும்கூட என்று அதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நம் கிளினிக்குகளிலும் வட்டார மக்கள் இடம்பெறும் ஆலோசனைக் குழுக்கள் உண்டு. அதில் நம் இளைஞர்கள் எத்தனை பேர்?

அரசாங்கம் மனம் வைத்தால் வாசலைத் தாண்டி வரவும் முடியும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களின் வீட்டுக்கே ஊழியர்கள் போய்ப் பரிசோதித்து மருந்து கொடுக்கிறார்கள். திட்டத்தின் பெயரிலேயே அதன் அறம் இருக்கிறது: யார் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதை அது திருப்பிப் போட்டுவிட்டது. அதுபோல இங்கேயும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அது வரும் வரை காத்திருக்கும் அந்த அக்காவுக்கு இன்று என்ன வழி என்பது நம் கடமை.

நான்காவது ஆள்

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறார். நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று. நான்காவதாக உழைச்செல்வான் என்று ஒருவரைச் சேர்க்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து கவனிப்பவர். அவர் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் வைத்தியம் முழுமை பெறாது.

நம் நாட்டில் மற்ற மூன்றும் இருக்கின்றன. டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, நோயாளிக்கோ பஞ்சமே இல்லை. காணாமல் போயிருப்பது அந்த நான்காவது ஆள். கூட்டுக் குடும்பத்திலும் தோட்டத்து லயத்திலும் யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருந்தார். தோட்டத்தில் டிரெசர் இருந்தார், எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். தோட்டம் போய் அடுக்குமாடி வந்தபின் கதவுகள் சாத்திவிட்டன. பதினைந்தாவது மாடியில் ஒரு பாட்டி மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியும் யாருக்கும் தெரிவதில்லை.

அந்த இடம் இளைஞர்களுக்கானது என்று நான் நினைக்கிறேன். நமக்கு மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியும், செயலி தெரியும், மோட்டார் சைக்கிளும் இருக்கிறது.

பினாங்குத் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். தாகமாக இருப்பவர் எங்கே நடக்கிறாரோ அங்கேயே பந்தல் போடுகிறோம். "எங்க வீட்டுக்கு வந்து பாரம் நிரப்பிட்டு மோர் வாங்கிக்கோங்க" என்று சொல்வதில்லை. யாரிடமும் ஐசி கேட்பதில்லை. எந்த இனத்தவர் வந்தாலும் கையில் கிண்ணம் கொடுக்கிறோம். சேவை எப்படி இருக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. வருஷத்தில் இரண்டு நாள் செய்வதை மற்ற நாட்களிலும் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

ஆகவே சில யோசனைகள். பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று, மருத்துவ முகாம். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை விரலில் குத்திச் சீனி அளவு பார்த்து, "கிளினிக்குக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதோடு முகாம் முடிந்துவிடுகிறது. படம் எடுத்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுதுகிறோம். அடுத்த மாதம் எத்தனை பேர் கிளினிக்கில் பதிந்தார்கள் என்பதையும் அறிக்கையில் சேர்த்தால் நம் வேலையே மாறிவிடும். அளவு கூடியிருந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞர் பொறுப்பு என்று அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு, கூடப் போவது. ஓர் உறுப்பினர் மூன்று மாதத்துக்கு ஒரு காலை கொடுத்தால் போதும். ஒரு பாட்டிக்குத் தேதி போட்டு, கூடப் போய், டாக்டர் சொன்னதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, தபால் மருந்துக்கு மனு செய்துவிட்டு வரலாம். அவர் சம்மதத்தோடு, அவர் பேச வேண்டியதை அவரையே பேச விட்டு.

மூன்று, மண்டபம். நம் கோயில்களில் திருமணம் பேச வருபவர்களிடம், நாள் குறிக்கும்போதே பதிவைப் பற்றிக் கேட்கணும். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகும்போது, பெயர் என்ன என்று கேட்கும் அதே வாயால் பிறப்புப் பத்திரம் எடுத்தாச்சா என்றும் கேட்கணும். ஏற்கனவே பத்திரம் இல்லாதவர்களைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போவது நீண்ட வேலை. ஒரே நாளில் முடியாது. அதனால்தான் அதற்குக் கூட ஒருவர் வேண்டும்.

உரிமை சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் எழுதப்படுகிறது. அது ஒரு மனிதரின் உடம்பைப் போய்ச் சேரும்போதுதான் உயிர் பெறுகிறது. நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைப்பது அரசாங்கத்தின் கடமை. அதுவரை அந்தத் தூரத்தில் ஒருவரைத் தனியாக நடக்க விடாமல் இருப்பது நம்முடைய கடமை. அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, உங்கள் மாடியில், உங்கள் வரிசையில், கடந்த ஆறு மாதமாகக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்கும் மூன்று பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.